சுவரில் செருகிய மூச்சு: ராபின், டயானா கேவண்டிஷ் வாழ்க்கையும் 'ப்ரீத்' படமும்

2017இல் வெளிவந்த 'ப்ரீத்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். கழுத்துக்குக் கீழே அசைவே இல்லாத மனிதர் ஏறத்தாழ 36 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது நம்பக்கூடியதா? அவருடைய மனைவி படத்தில் காட்டுவது போல அத்தனை ஆண்டுகளும் சிரித்த முகத்தோடு இருந்திருக்க முடியுமா? மகனே தயாரித்த படம் என்பதால் பெற்றோரின் காதலுக்குச் சற்றுச் சர்க்கரை கூட்டிவிட்டார்களா? முதல் கேள்விக்கு ஆம் என்பதே பதில். மூன்றாவதற்கும் ஓரளவு ஆம்தான். இரண்டாவது கேள்விக்கு மட்டும் அப்படி ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. அதற்கு அந்த வாழ்க்கைக்குள்ளும், அவர் மூச்சு விட்ட கருவிக்குள்ளும் கொஞ்சம் போய்வர வேண்டும்.

ராபின் கேவண்டிஷ் 1930 மார்ச்சில் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் பிறந்தவர். வின்செஸ்டர் பள்ளி, சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரி, ஏழாண்டு இராணுவப் பணி என்று அந்தக் காலத்து மேட்டுக்குடி இளைஞனுக்கு வகுத்துவைத்த பாதையில் நடந்து, பின்னர் தேயிலைத் தரகுத் தொழிலுக்காகக் கென்யா சென்றார். 1957இல் டயானா பிளாக்கரை மணந்தார். 1958 டிசம்பரில், 28 வயதில், கென்யாவில் இருக்கும்போது போலியோ தாக்கியது. கை, கால், உடல் என்று கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. தானாக மூச்சுவிடவும் இயலவில்லை. மூன்று மாதம் தாங்குவார் என்றார்கள். டயானா அப்போது கர்ப்பிணி. 1959இல் மகன் ஜானதன் பிறந்தார். அவர் வளர்ந்து திரைப்படத் தயாரிப்பாளராகி, தன் பெற்றோரின் கதையையே படமாக்கினார். வில்லியம் நிக்கல்சன் திரைக்கதை எழுத, ஆண்டி சர்கிஸ் இயக்க, ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் கிளேர் ஃபாயும் ராபின், டயானாவாக நடித்தனர். முகத்தைக் கணினி உருவத்துக்குக் கொடுத்துவிட்டு உடலசைவை வைத்தே பெயர் பெற்ற நடிகர் சர்கிஸ். அவர் இயக்குநராக வெளியிட்ட முதல் படத்தின் நாயகனுக்கோ முகத்தைத் தவிர வேறு எதுவும் அசையாது.

போலியோவை நாம் 'இளம்பிள்ளை வாதம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரே இந்தக் கதையைப் புரிந்துகொள்ளத் தடையாக நிற்கிறது. 28 வயது இராணுவ வீரனுக்கு இளம்பிள்ளை வாதமா என்று படம் பார்த்த சிலர் கேட்டதுண்டு. நோய்த்தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வந்து போவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வயது வந்தபின் தொற்றினால் வாதம் கடுமையாக இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதை அந்தப் பெயர் மறைத்துவிடுகிறது. தொற்றிய 200 பேரில் ஒருவருக்கு நிலையான வாதம் வரும் என்பது பொதுக்கணக்கு. வாதம் வந்தவர்களில் 100க்கு 5 முதல் 10 பேர் மூச்சுத் தசைகள் செயலிழந்து இறப்பார்கள். ராபின் நோயுற்ற சில மாதங்களில், 1959 ஏப்ரலில், பர்மிங்காம் சிட்டி அணிக்கும் இங்கிலாந்துக்கும் ஆடிய கால்பந்து வீரர் ஜெஃப் ஹால் 29 வயதில் போலியோவால் இறந்தார். தடுப்பூசி வந்து சில ஆண்டுகள் ஆகியும் மெத்தனமாக இருந்த இளைஞர்கள் அதன் பிறகுதான் ஊசிக்கு வரிசையில் நின்றார்கள். நம் ஊரில் 1980களுக்கு முன் பிறந்தவர்களுக்கு, போலியோவில் கால் சூம்பிப்போன வகுப்புத் தோழன் ஒருவனாவது நினைவில் இருப்பான். மூச்சை இழந்தவர்களை நாம் அதிகம் பார்க்கவில்லை என்றால், அவர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை என்பதுதான் காரணம்.

இந்த நோயைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. அது படத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படாததால் பலர் கவனிப்பதில்லை. போலியோ வைரஸ் தண்டுவடத்தின் முன்புறத்தில் இருக்கும் இயக்க நரம்பணுக்களை அழிக்கிறது. உணர்ச்சி நரம்புகளை விட்டுவிடுகிறது. முதுகுத்தண்டு முறிந்தவருக்கு முறிவுக்குக் கீழே தொடுவது தெரியாமல் போகலாம். போலியோவில் அப்படி இல்லை. ராபினின் கையை டயானா பிடித்தால் அந்தச் சூடும் அழுத்தமும் அவருக்குத் தெரியும். திருப்பிப் பிடிக்கத்தான் முடியாது. போர்வையின் மடிப்பு முதுகில் உறுத்துவதும், மூக்கின்மேல் ஈ உட்காருவதும் தெரியும். ஒருவரைக் கூப்பிடாமல் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கார்ஃபீல்டின் முகத்தோடு கிளேர் ஃபாய் முகம் சேர்த்துப் படுத்திருக்கும் காட்சிகளை இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், 'உடலைத் தாண்டிய காதல்' என்று எழுதிய விமரிசனங்கள் எவ்வளவு தவறானவை என்பது தெரியும். அந்தக் காதலில் உடல் முழுவதுமாக இருந்தது.

இனி அவர் எப்படிப் பிழைத்தார் என்பது. போலியோ, மூச்சுக் கருவி என்றதும் பலருக்கு நினைவில் எழுவது இரும்பு நுரையீரல்தான்: தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உடல் முழுவதும் உருளைப் பெட்டிக்குள். 1928இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பயன்பட்ட இந்தக் கருவி, பெட்டிக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்து மார்பை வெளியே இழுக்கும். அப்போது மூக்கு, வாய் வழியாகக் காற்று தானாக உள்ளே வரும். அதற்குள் இருப்பவரை வீட்டுக்கு அழைத்துப்போவது எளிதல்ல. தோட்டத்துக்கு அழைத்துப்போவது நடக்கவே நடக்காது. மாற்றம் 1952இல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் நிகழ்ந்தது. பெருந்தொற்றின்போது பிளெக்டாம் மருத்துவமனையில் நாளுக்கு நாள் நோயாளிகள் குவிந்தார்கள். இருந்ததோ ஒரேயொரு இரும்பு நுரையீரலும் மார்பில் கவிழ்க்கும் சில கவசக் கருவிகளும். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து மருத்துவர், தொண்டையில் துளையிட்டு, குழாய் செருகி, கையால் பையை அழுத்தி நேராக நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தலாம் என்றார். அந்தப் பைகளை முறைவைத்து இரவு பகலாக அழுத்தியவர்கள் ஏறத்தாழ 1,500 மாணவர்கள். செத்துப்போவார்கள் என்று கைவிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பிறப்பே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று மருத்துவ வரலாற்றில் சொல்வார்கள்.

கேவண்டிஷ் குடும்பத்தின் கதைக்கு இது ஏன் முக்கியம் என்றால், தொண்டைத் துளை வழியாகக் காற்றைத் தள்ளும் முறை வந்தபின் நோயாளியைப் பெட்டிக்குள் அடைக்க வேண்டியதில்லை. கட்டிலருகே ஒரு பெட்டியும் ஒரு குழாயும் போதும். ஆக்ஸ்ஃபோர்டில் ராட்கிளிஃப் மருத்துவமனையின் பெயரால் 1950களில் உருவான ஒரு கருவியின் உள்ளே சைக்கிளின் மூன்று வேக கியர்தான் மூச்சின் வேகத்தை மாற்றிக்கொடுத்தது. மின்சாரம் போனால் கையால் சுழற்றலாம். இவ்வளவு எளிய இயந்திரம் என்றால் அதை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதா என்ற கேள்வி யாருக்காவது எழுந்திருக்க வேண்டும். மருத்துவர்களுக்கு அது எழவில்லை. எழுந்தது நோயாளியின் மனைவிக்கு.

படத்தின் முதல் பாதியில் எனக்கு மிகவும் நேர்மையாகத் தோன்றியது ராபினின் வெறுப்பு. தொடக்கத்தில் அவர் மனைவியைப் பார்க்க விரும்பவில்லை, குழந்தையைப் பார்க்க விரும்பவில்லை, சாக விரும்பினார். டயானா அதற்கு இசையவில்லை. ஆனால் நம்பிக்கை ஊட்டும் பேச்சு எதையும் பேசவும் இல்லை. என்ன செய்தால் உனக்கு வாழ்வு சற்றேனும் தாங்கக்கூடியதாக இருக்கும் என்ற பொருளில் கேட்கிறார். இங்கிருந்து என்னை வெளியே கொண்டுபோ என்ற பொருளில் பதில் வருகிறது. படத்தில் தலைமை மருத்துவர் இரண்டே வாரத்தில் செத்துவிடுவார் என்று எச்சரிக்கிறார். அந்த மருத்துவரின் பாத்திரம் கொஞ்சம் வில்லனாகவே வரையப்பட்டிருக்கிறது என்பது என் குறை. அவர் சொன்னதில் தவறில்லை; அன்றைய நிலையில், மூச்சுக் கருவியில் இருக்கும் ஒருவரை மருத்துவமனைக்கு வெளியே வைத்துக்கொள்வதென்பது ஒரு மின்வெட்டு, ஒரு அடைத்த குழாய், ஒரு அயர்ந்த உறக்கம் ஆகியவற்றோடு தினமும் சூதாடுவதுதான். ஏறத்தாழ ஓராண்டு மருத்துவமனை வாழ்வுக்குப் பின், மருத்துவ ஆலோசனையை மீறி, டயானாவும் அவருடைய இரட்டைச் சகோதரர்களும் ராபினை வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். சகோதரர் இருவரையும் படத்தில் டாம் ஹாலண்டர் ஒருவரே நடித்திருக்கிறார்.

இந்த நிகழ்வுகளின் வரிசையை நீங்கள் மறக்கக் கூடாது. மூச்சுக் கருவி பொருத்திய சக்கர நாற்காலி பின்னால்தான் வந்தது. பாதுகாப்பான ஏற்பாடு எதுவும் தயாராக இல்லாத நாளில், சுவரில் ஒரு மின்செருகி இருக்கிறது என்ற ஒரே உறுதியோடு அந்தப் பெண் கணவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாய் கட்டிலருகே ஓடி விளையாடும்போது செருகி பிடுங்கிக்கொள்கிற காட்சி படத்தில் வருகிறது. மனைவி வேறிடத்தில் இருக்கிறார். கணவரால் கூப்பிட முடியாது. ஏன் முடியாது என்பதைப் பார்ப்பவர் யோசிக்க நேரம் இருக்காது. நாம் பேசுவது மூச்சு வெளியேறும்போது. தொண்டையில் குழாய் வைத்திருப்பவரிடம் கருவி காற்றைத் தள்ளும்போது அதில் ஒரு பங்கு குழாயைச் சுற்றிக் கசிந்து மேலேறிக் குரல்நாண்களை அடையும். பெரும்பாலும் அந்தக் கசிவில்தான் அவர் பேசுகிறார். கருவி உள்ளே தள்ளும்போது நான்கைந்து சொல், அது ஓயும்போது மௌனம், மறுபடி நான்கைந்து சொல். கருவி நின்றால் மூச்சோடு சேர்ந்து குரலும் நின்றுவிடும். உதவிக்குக் கூவவேண்டிய அந்த ஒரே நேரத்தில்தான் அவருக்குக் குரல் இருக்காது. நாக்கைச் சொடுக்கி ஒலி எழுப்புவது ஒன்றே மிச்சம்.

கார்ஃபீல்டு இந்தப் பேச்சுமுறையை நன்றாகப் பிடித்திருக்கிறார். சிரிப்புக்குரிய ஒரு சொல்லைச் சொல்லவரும் இடத்தில் கருவி ஓய்ந்துவிட, அவர் கண்ணாலேயே அதை முடித்துவைத்துவிட்டு அடுத்த மூச்சுக்குக் காத்திருக்கிறார். உடன் வாழ்பவர்கள் அந்த இடைவெளியில் குறுக்கே பேசாமல் இருக்கப் பழகுகிறார்கள். டயானாவாக நடிக்கும் கிளேர் ஃபாயும் அந்த ஓய்வு நேரத்தில் பேசுவதில்லை. வசனத்தில் இல்லாத இந்தச் சிறு ஒழுங்கை நீண்ட திருமண வாழ்வின் அடையாளமாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ராபினின் நண்பர் டெடி ஹாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முழுப்பெயர் எட்வர்டு தாமஸ் ஹால். ஆக்ஸ்ஃபோர்டில் தொல்லியல் ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்தியவர். மனித இனத்தின் மூதாதை என்று நாற்பதாண்டுகள் நம்பப்பட்ட பில்ட்டவுன் மண்டையோடு மோசடி என்பது 1953இல் அம்பலமானபோது, எலும்புகளை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்து அதற்குத் துணைநின்றவர் இவர். பின்னாளில், இயேசுவின் உடலைப் போர்த்தியது என்று பலர் நம்பும் டூரின் நகரத்துச் சவத்துணியின் காலத்தைக் கணித்த பணியிலும் ஈடுபட்டவர். சோதனைக் கருவிகளைச் செய்யச் சொந்தமாக ஒரு சிறு நிறுவனமும் வைத்திருந்தார். இப்படிப்பட்ட நண்பர் ஒருவர் கட்டிலருகே உட்கார்ந்து அரட்டை அடிக்கும்போதுதான், மூச்சுக் கருவியையே சக்கர நாற்காலியில் ஏற்றிவிட்டால் என்ன என்ற எண்ணம் உருப்பெறுகிறது. 1962இல் நாற்காலி தயாரானது. கருவியை மின்கலம் இயக்கும். மருத்துவ உலகம் கொடுக்காத தீர்வைத் தொல்லியல் கருவி செய்பவர் கொடுத்தார் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கடைசிவரை இந்தக் குடும்பத்தில் நடந்தது இதுதான்: சிக்கலைத் தெரிந்தவர் கட்டிலில், கைகள் நண்பர்களிடம், பொறுப்பு டயானாவிடம்.

நாற்காலி வந்ததும் அவர்கள் செய்த காரியம் பாதுகாப்பாக வீட்டைச் சுற்றிவந்தது அன்று. வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போனார்கள். படத்தில் மைத்துனர் தவறான இடத்தில் மின்கம்பியை இணைக்கக் கருவி கருகிப்போகிறது; ஹால் விமானமேறி வந்து பழுதுபார்க்கும்வரை நெடுஞ்சாலை ஓரத்தில், ஆள்மாற்றி ஆள் கையால் பையை அழுத்தி ராபினுக்கு மூச்சுக் கொடுக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கூடுகிறார்கள், பாட்டும் உணவும் வருகின்றன. இதை இயக்குநர் திருவிழாவாகவே எடுத்துவிட்டார். எனக்கு அந்தக் காட்சியில் நினைவுக்கு வந்தது கோபன்ஹேகன் மாணவர்கள். ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து முறை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்துக்குத் தொள்ளாயிரம் அழுத்தம். செயற்கைச் சுவாசக் கருவிகளோடு நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும், அரைமணியில் கவனம் நழுவும். காதல் என்ற சொல்லுக்கு இந்தப் படத்தில் ஓர் அளவுகோல் வேண்டும் என்றால் அந்தத் தொள்ளாயிரத்தைச் சொல்லலாம். அங்கே மனைவி, மைத்துனர், சாலையில் வந்தவர் என்ற வேறுபாடும் கிடையாது.

படம் விரைந்து கடந்துவிடும் ஒரு பகுதி ராபினின் பொதுப்பணி. தனக்கு நாற்காலி கிடைத்ததோடு அவர் நிற்கவில்லை. கொடையாளர் ஒருவரிடம் பணம் பெற்று ஹாலின் நிறுவனத்தில் மேலும் ஒரு டஜன் நாற்காலிகள் செய்ய வைத்தார். பிறகு பிரிட்டனின் சுகாதாரத் துறையை வற்புறுத்தி, அரசுப் பணத்தில் இன்னும் பல செய்ய வைத்தார். பிரிட்டனில் மூச்சுக் கருவியை நம்பி வாழ்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே இல்லாத காலத்தில் அவர்களைத் தேடிப் பதிவுசெய்தார். அவர்களுக்கு ஆங்கிலத்தில் 'ரெஸ்போனாட்' என்று பெயர். மூச்சுக் கருவியைக் குறிக்கும் சொல்லையும் விண்வெளி வீரரைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டிச் செய்த பெயர் அது. ககாரின் விண்ணுக்குப் போன காலம் அல்லவா! நோயாளி என்ற சொல்லில் இருக்கும் படுக்கை இந்தச் சொல்லில் இல்லை. காற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு பயணம் போகிறவர் என்ற பெருமிதம் இருக்கிறது. ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 'பாசம்' என்ற கருவியையும் அவர் சோதித்தார் (நம் பாசம் இல்லை, லத்தீனில் 'என்னால் முடியும்' என்று பொருள்படும் சொல்). தலையை இப்படியும் அப்படியும் அசைத்தே தொலைபேசியில் பேசவும், தொலைக்காட்சியைப் போடவும், வீட்டின் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கவும் அது உதவியது. 1974இல் அரசின் எம்பிஇ விருது வந்தது. லண்டன் புனித தாமஸ் மருத்துவமனை மருத்துவர் ஸ்பென்சருடன் சேர்ந்து நிதி திரட்டிக் கட்டிய விடுமுறை இல்லம் 1977இல் சவுத்தாம்ப்டன் கடலோரம் திறக்கப்பட்டது. கடும் ஊனமுற்றோர் வந்து தங்குவதற்காகக் கட்டப்பட்டது என்பதோடு, அவர்களை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சில நாள் ஓய்வு கிடைப்பதற்கான இடமும் அதுதான். அந்த ஓய்வின் தேவை ராபினுக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஜெர்மனிக் காட்சியைப் பலர் மிகை என்கிறார்கள். மாநாட்டுக்குச் சென்ற இடத்தில், வெண்மையான கூடத்தில் நோயாளிகளின் தலைகள் மட்டும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்க, உடல்கள் அலமாரி இழுப்பறைகளுக்குள் கிடப்பது போல அமைத்திருக்கிறார்கள். வரலாற்றுப் பதிவாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கலை இயக்குநரின் கற்பனை அதில் கூடுதல். ஆனால் காட்சி சொல்லவரும் செய்தி சரி. நோயாளி பத்திரமாக இருக்கிறார், கருவி குறையின்றி ஓடுகிறது, தூசி இல்லை. வாழ்க்கை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. நாற்காலியில் அந்தக் கூடத்துக்குள் உருண்டுவரும் ராபினை அந்தத் தலைகள் கண்ணாடி வழியே பார்க்கும் பார்வைக்கு இசை தேவைப்பட்டிருக்கவில்லை, சேர்த்துவிட்டார்கள்.

சர்க்கரை கூட்டிவிட்டார்களா என்று நண்பர் கேட்டார் அல்லவா? முதலில் கென்யா. பொன்னிற வெயில், புல்வெளி, டென்னிஸ் என்று அழகாக வருகிறது. உண்மையில் 1952 முதல் 1960 வரை அந்நாட்டில் ஆங்கிலேய அரசின் நெருக்கடிநிலை நடப்பில் இருந்தது. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சியும் அதை ஒடுக்கிய கொடுமையும் அந்தப் புல்வெளிக்கு அப்பால்தான் நடந்துகொண்டிருந்தன. படம் அதை ஓரிரு சொல்லில் கடந்துவிடுகிறது. அடுத்தது வர்க்கம். ஆக்ஸ்ஃபோர்டு அறிவியலாளர் நண்பர், வேளைக்கு வந்து நிற்கும் சகோதரர்கள், அமைச்சக அதிகாரிகளிடம் சமமாகப் பேசத் தெரிந்த நாக்கு, பெரிய வீடு ஆகியவை இல்லாத போலியோ நோயாளிக்கு அதே காதல் இருந்தும் அதே வாழ்வு கிடைத்திருக்காது. இதைச் சொல்வதால் டயானாவின் உழைப்பு குறைந்துவிடாது. ஆனால் காதலே எல்லாவற்றையும் செய்துமுடித்தது என்று படம் தரும் மயக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டால், கருவி இல்லாததால் செத்துப்போனவர்களின் மனைவிமார் போதிய அளவு காதலிக்கவில்லை என்று பொருளாகிவிடும்.

மூன்றாவது, பணிவிடை. தொண்டைக் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். இரவிலும் எடுக்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் உடலைப் புரட்டிவிட வேண்டும். குளிப்பாட்டல், மலசலம், நகம் வெட்டல், கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்தல் என்று ஒரு நாளின் பெரும்பகுதி இதிலேயே போகும். படத்தில் இவற்றுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. ராபினின் சட்டை எப்போதும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அதை யார் போட்டுவிட்டார்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று காமிரா பார்ப்பதே இல்லை. விமரிசகர்கள் பலர் படத்தைக் குறைசொன்னது இதனால்தான். அவர்களோடு நான் உடன்படுகிறேன்.

இயக்க நரம்பு நோயால் உடல் செயலிழந்த இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் கதையை இதோடு ஒப்பிட்டு, இவர்கள் பிரியவில்லை, அவர்கள் பிரிந்துவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்பவர்களும் உண்டு. நோய் தெரிந்த பிறகே, 1965இல், ஹாக்கிங்கை மணந்த ஜேன் மூன்று குழந்தைகளை வளர்த்துக்கொண்டே இருபத்தைந்து ஆண்டுகள் அவரைத் தாங்கினார். 1990இல் பிரிந்தார்கள், 1995இல் மணமுறிவு ஆனது. தாம் களைத்துப்போனதைப் பின்னர் அவரே விரிவாக எழுதியிருக்கிறார். டயானா அப்படி எழுதவில்லை. களைப்பை எழுதியவரின் காதலை எழுதாதவரின் காதலைவிடக் குறைவாக எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

படத்தின் முடிவைத் தொடாமல் விடுவது நேர்மையாகாது. பல்லாண்டுகள் கருவி தள்ளிய காற்றால் நுரையீரல் நைந்து, இரத்தக்கசிவு தொடங்க, இனிப் போதும் என்று ராபின் முடிவுசெய்வதாகவும், மருத்துவ நண்பர் ஒருவர் துணைசெய்வதாகவும் படம் காட்டுகிறது. இங்கிலாந்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தற்கொலை குற்றமல்ல. அதற்கு உதவுவது 14 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கதைப்படி அதனால்தான் கதவுகள் சாத்தப்படுகின்றன, கேள்விகள் கேட்கப்படுவதில்லை. ஊனமுற்றோர் உரிமைக்காகப் பேசுபவர்கள் சிலருக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. வாழ முடியும் என்று காட்டிய படம் சாவை அழகாக்கி முடிகிறதே என்பது அவர்கள் வருத்தம். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் தொடக்கத்தில் சாவைக் கேட்டவர் வேறு, இங்கே கேட்பவர் வேறு என்பதையும் படம் தெளிவாகவே காட்டுகிறது. முதலில் கேட்டபோது மறுத்த டயானா இப்போது மறுக்கவில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு மகன் வளர்ந்து ஆளாகியிருக்கிறான். ராபின் கேவண்டிஷ் 1994 ஆகஸ்டு 8ஆம் நாள், 64 வயதில் இறந்தார்.

இனி அந்த இரண்டாவது கேள்வி: டயானா அத்தனை ஆண்டுகளும் சிரித்துக்கொண்டா இருந்தார்? இந்தப் படம் யாருடைய நினைவிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஜானதனுக்கு நினைவு தெரிந்த நாள்முதல் அப்பா என்றால் கட்டிலும் கருவியும்தான்; அசையும் அப்பாவை அவர் கண்டதே இல்லை. மூச்சுக் கருவியின் துருத்தி ஓசை அவருக்கு அச்சம் தரவில்லை. நமக்கு மின்விசிறியின் ஓசைபோல வீட்டின் ஓசை அது. குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் அம்மா சிரித்தார், விருந்தினர் வந்தார்கள், அப்பா வேடிக்கையாகப் பேசினார். அதிகாலை மூன்று மணிக்குச் சளிக்குழாயோடு நிற்கும் அம்மாவை அவர் பார்த்திருக்க மாட்டார். பார்க்கக் கூடாது என்று அவர்கள் இருவரும் முடிவுசெய்திருப்பார்கள். மேட்டுக்குடி ஆங்கிலேயரிடம் துயரத்தை வெளிக்காட்டாமல் வேடிக்கையாகப் பேசிக் கடந்துவிடும் பழக்கம் வளர்ப்பிலேயே ஊறியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனவே படத்தில் நீங்கள் பார்ப்பது பொய்யான முகம் அன்று. பகலில் ஒரு சிறுவன் பார்த்த முகம். இரவில் இருந்த முகத்தைப் படமெடுக்க அந்த வீட்டில் வேறு சாட்சி யாரும் இல்லை.

மறுபடி பார்த்தால், வசனத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் ஒருமுறை கேளுங்கள். வீட்டில் மூச்சுக் கருவி இருப்பவர்களிடம் விசாரித்தால் எல்லோரும் ஒரே மாதிரி ஒன்றைச் சொல்வார்கள்: கருவி ஓடும் சத்தத்தில் தூக்கம் வந்துவிடும், சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். கேவண்டிஷ் வீட்டுப் படுக்கையறைக் காட்சிகளில் அந்தத் துருத்தி எல்லாப் பேச்சுக்கும் அடியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஐந்தாறு நிமிடத்தில் நாமே அதைக் கேட்காமல் போய்விடுகிறோம். நாய் செருகியைப் பிடுங்குகிறபோதுதான் இத்தனை நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது நமக்குத் தெரியவருகிறது.